இத்தாலியம் பேசுவோருக்கான ஆங்கில மாலை வகுப்பு: பிரசென்ட் பெர்பெக்ட் பாடம் எப்படி இருந்தது?

சிசிலியின் பலெர்மோவில் பிறந்து இத்தாலியப் பள்ளியிலேயே படித்து வரும் என் மகளை, இத்தாலியம் பேசுவோருக்கென்றே நடத்தப்படும் ஆங்கில மாலை வகுப்பு ஒன்றில் சேர்த்திருந்தேன். மொத்தம் 12 வகுப்புகள். அவற்றில் 4 பிரசென்ட் பெர்பெக்டுக்கு, அதாவது ‘ஐ ஹேவ் ஈட்டன்’ போன்ற ஆங்கில வினை வடிவத்துக்கு. பெற்றோரும் உடனிருக்கலாம் என்றதால் அந்த நான்கிலும் நானும் அமர்ந்திருந்தேன்.

விதியைச் சொல்வதற்கு முன் பிழையின் ஊற்றைக் காட்டுகிறார் ஆசிரியை. இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இத்தாலியத்தின் ‘பஸ்ஸாத்தோ ப்ரொஸ்ஸிமோ’ என்ற இறந்தகால வடிவம் தோற்றத்தில் பிரசென்ட் பெர்பெக்டை ஒத்தது: ‘ஓ மஞ்ஜாத்தோ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘ஐ ஹேவ் ஈட்டன்’ கிடைக்கும். ஆனால் இத்தாலியர் அதை ‘நேற்று’ என்பதோடும் இயல்பாகச் சேர்ப்பதால், ஆங்கிலத்திலும் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்று பிழையாகச் சொல்லிவிடுகிறார்கள்; முடிந்த நேரத்தைச் சொல்லும்போது ஆங்கிலத்துக்கு ‘ஐ சா ஹிம்’ வேண்டும். என் மகளும் நெடுநாள் அப்படித்தான் எழுதிவந்தாள். ‘ரோமுக்குப் போயிருக்கிறேன்’, ‘நேற்று ரோமுக்குப் போனேன்’ என்ற இரண்டையும் தமிழில் அவள் ஒருபோதும் குழப்பியதில்லை என்று வீடு திரும்பும் வழியில் நினைவூட்டியபோது, அவள் முகத்தில் தெளிவு வந்ததைக் கண்டேன்.

காலத்தைக் குறிக்கவும் பயன்படும் ‘தா’ என்ற சிறு இத்தாலியச் சொல்லுக்கு ஒரு வகுப்பை முழுதாகக் கொடுத்ததும் சரியே. ‘பத்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்’ என்பதை இத்தாலியமும் தமிழும் நிகழ்காலத்தில் சொல்கின்றன. ஆங்கிலத்துக்கோ ‘ஐ ஹேவ் லிவ்ட்’ வேண்டும். தமிழும் இங்கே கைகொடுக்காது. அத்துடன் கால அளவைச் சொல்லும் ‘ஃபார்’, தொடங்கிய நேரத்தைச் சொல்லும் ‘சின்ஸ்’ இரண்டின் வேலையையும் ‘தா’ ஒன்றே செய்வதால், ‘ஐ லிவ் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள் சேர்ந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றையும் திருத்திக் காட்டிய பொறுமைக்கு ஆசிரியைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பயிற்சித் தாள்கள் பெரும்பாலும் கோடிட்ட இடத்தை நிரப்புபவையாகவே இருந்தன. பேச்சுப் பயிற்சி போதவில்லை. அதைவிடப் பெரிய குறை, பாடம் முழுவதும் வட இத்தாலியப் பேச்சை அடிப்படையாகக் கொண்டிருந்தது. சிசிலியில் நேற்று நடந்ததை ‘மஞ்ஜாய்’ (சாப்பிட்டேன்) என்று ‘பஸ்ஸாத்தோ ரெமோத்தோ’ என்ற இன்னொரு இறந்தகால வடிவத்தில் சொல்வது இன்றும் அன்றாட வழக்கு. அந்த ஒற்றைச் சொல் வினை ‘ஐ ஏட்’ என்பதோடு நேராகப் பொருந்தும். பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் கேட்டு வளர்ந்த அந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்கியிருந்தால், ‘நேற்று’ வரும் வாக்கியங்களுக்குச் செலவான இரண்டு மாலைகளில் ஒன்றைப் பேச்சுப் பயிற்சிக்கு ஒதுக்கியிருக்கலாம். இதை ஆசிரியையிடம் சொன்னேன், அக்கறையோடு குறித்துக்கொண்டார். அடுத்த பருவத்துக்கும் மகளைச் சேர்த்திருக்கிறேன்.