கடிகாரமா, சரவெடியா: செல் எதைப் பார்த்துப் பிரிகிறது?

பிரியப்போகும் செல் முதலில் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க வேண்டும், அப்புறம்தான் குரோமோசோம்களைப் பங்கு பிரிக்க வேண்டும். இந்த வரிசை ஏன் தவறுவதில்லை என்பதற்கு 1970, 80களில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று தவளை முட்டையை ஆராய்ந்த தவளைக் கட்சி, இன்னொன்று ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் பூஞ்சையை ஆராய்ந்த ஈஸ்ட் கட்சி.

தவளைக் கட்சியின் பதில், உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பது. சீனோபஸ் தவளையின் முட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், வெறும் கண்ணுக்கே தெரியும். கருவுற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முதல் பிளவு, அதன் பிறகு அரை மணிக்கு ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கும், நடுவில் வளர்ச்சி என்பதே கிடையாது. 1980இல் ஹாரா, டைட்மன், கிர்ஷ்னர் மூவரும் காட்டியதுதான் எனக்கு இன்றும் வியப்பு: உட்கருவே இல்லாத முட்டைத் துண்டுகூட, பிளவு விழவேண்டிய அதே கால இடைவெளியில் சுருங்கிச் சுருங்கித் தளர்ந்தது. பங்கு பிரிக்க எதுவும் இல்லை, ஆனாலும் மணி அடிக்கிறது! 1982இல் டிம் ஹன்ட் கடல் முள்ளெலி முட்டையில் கண்டுபிடித்த சைக்ளின் புரதம், பிரிவுக்கு முன் சேர்ந்து சேர்ந்து, பிரியும்போது சட்டென்று அழியும். இந்தக் கடிகாரத்தின் முள் அதுதான்.

ஈஸ்ட் கட்சிக்கு இது சரவெடி. ஒன்று வெடித்தால்தான் அடுத்ததன் திரியில் நெருப்பு ஏறும். சியாட்டிலில் லீலண்ட் ஹார்ட்வெல், 23 டிகிரியில் நன்றாகப் பிரிந்து 36 டிகிரிக்கு மாற்றினால் முடங்கும் பிறழ்வு ஈஸ்ட்களைத் தேடினார். இந்த ஈஸ்டில் புதுச் செல் தாய்ச் செல்லின் மேல் மொட்டாக முளைத்து வளரும், அந்த மொட்டின் அளவைப் பார்த்தே செல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதானால், தட்டில் உள்ள எல்லாச் செல்களும் ஒரே அளவு மொட்டோடு நின்றன. நமத்துப்போன ஒரு வெடிக்குப் பின்னால் எதுவும் வெடிக்கவில்லை.

எது சரி? இரண்டுக்கும் அடியில் இருக்கும் எந்திரம் ஒன்றுதான், அது 1988வாக்கில் தெளிவாகிவிட்டது: ஈஸ்டில் பால் நர்ஸ் துருவிய சிடிசி2 கைனேஸும் (மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றை முடுக்கவோ அடக்கவோ செய்யும் நொதி) சைக்ளினும் சேர்ந்ததுதான் தவளை முட்டையைப் பிரியத் தூண்டும் பொருள்.

ஆனால் சரவெடிக் கணக்கை உடைத்தது ஈஸ்டேதான். எக்ஸ் கதிர் பட்டு டி.என்.ஏ. அறுந்தால் சாதாரண ஈஸ்ட் நின்று, ஒட்டுப்போட்டுவிட்டுத்தான் பிரியும். ராட்9 மரபணு இல்லாத ஈஸ்ட் நிற்காது, அறுந்த டி.என்.ஏ.வோடு பிரிந்து சாகும். 1988இல் வைனர்ட்டும் ஹார்ட்வெல்லும் அந்தச் செல்களை மருந்து கொடுத்துக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார்கள், பல பிழைத்துக்கொண்டன! அப்படியானால் ஒட்டுப்போடும் திறமை போகவில்லை, "பொறு" என்று சொல்ல ஆள் இல்லாமல்தான் செத்திருக்கின்றன. சரவெடியில் அப்படி ஒரு ஆள் கிடையாது. ஒரு மரபணுவை எடுத்ததும் காத்திருப்பதே போய்விடுகிறது என்றால் அங்கே இருப்பது திரி இல்லை, காவலாளி.

அதனால் என் ஓட்டு கடிகாரத்துக்கு, ஆனால் பக்கத்தில் காவலாளி நிற்கும் கடிகாரத்துக்கு. வேகம்தான் முக்கியம் என்றால் காவலாளி வேண்டாம்: ஆரம்பத் தவளைக் கருவில் டி.என்.ஏ. பிரதி எடுப்பதையே மருந்தால் தடுத்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 12 பிளவுகள் முடிந்து நாலாயிரம் செல்கள் ஆகும்போதுதான் வேகம் குறைகிறது, அங்கிருந்துதான் தவளைச் செல்லும் பிழை பார்த்து நிற்க ஆரம்பிக்கிறது.