யூராலஜி ஓடில ரிட்ராக்டர்: எலாஸ்டிக் ரிங், டேபிள் ரிங் ரெண்டும் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

11 வருஷமா யூராலஜி (சிறுநீரகம், மூத்திரப்பை சம்பந்தப்பட்ட) ஆபரேஷன் தியேட்டர்ல, ஓடின்னு சொல்வோம், ஸ்க்ரப் நர்ஸா, அதாவது சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் குடுக்கிற நர்ஸா நிக்கிறேன். ரிட்ராக்டர்னா வெட்டின இடத்தைச் சும்மா இழுத்து விரிச்சுப் பிடிக்கிற கம்பிதானேன்னு கேக்குறவங்க, ஒரு தடவை ரெண்டு மணி நேரம் டீவர் (கையால பிடிக்கிற ரிட்ராக்டர்) பிடிச்சு நின்னு பாக்கணும். அரை மணிலயே கை நடுங்க ஆரம்பிச்சிடும், நமக்கே தெரியாம பிடி தளரும், சர்ஜன் "சரியா பிடிங்க"ன்னு சொன்ன உடனே பதறிப்போய் தேவைக்கு மேல இழுத்துடுவோம். இடுப்புக்குழி மாதிரி குறுகலான, ஆழமான இடத்துல அந்த எக்ஸ்ட்ரா இழுப்பு ரொம்ப டேஞ்சர்.

முதல்ல எலாஸ்டிக் ரிங். லோன் ஸ்டார்ங்கிற பேரைச் சொன்னா யூரெத்ரோபிளாஸ்டி (மூத்திரக் குழாயைச் சரி பண்ற ஆபரேஷன்) பண்றவங்களுக்கு உடனே புரியும். பிளாஸ்டிக் சட்டம், அதைச் சுத்தி வரிசையா காடி, காடில சொருகுற ரப்பர் கயிறு, கயிறு நுனில குட்டிக் கொக்கி, அவ்வளவுதான். கொக்கியை தோல் ஓரத்துல மாட்டி ரப்பரை இழுத்து காடிக்குள்ள சொருகினா அப்படியே நிக்கும். முன்னாடி இதுக்காக சுத்தி சில்க் தையல் போட்டு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்ல (கவ்விப் பிடிக்கிற இடுக்கி) கட்டித் தொங்க விடுவோம், இன்னும் ஆழமா போகணும்னா எல்லாத்தையும் அவுத்து மறுபடி போடணும். இப்போ தோல்ல இருந்த கொக்கியை எடுத்து உள்ள இருக்கிற தசை ஓரத்துல மாட்டுனா போதும், பத்து செகண்ட் வேலை. ரப்பருங்கிறதால திசு கொஞ்சம் அசைஞ்சாலும் கூடவே நெகிழ்ந்து குடுக்கும், இரும்பு மாதிரி முரட்டுத்தனமா நிக்காது. வெசைக்கோவஜைனல் ஃபிஸ்டுலா (மூத்திரப்பைக்கும் பெண்ணுறுப்புக்கும் நடுவுல விழுற ஓட்டை), பீனைல் இம்ப்ளான்ட் (ஆணுறுப்புக்குள்ள வைக்கிற செயற்கைக் கருவி) ரெண்டுலயும் இதை வச்சுப் பாத்துட்டேன், எனக்கு முழு திருப்தி. கால் தூக்கின பொசிஷனுக்கு நடுவுல மடங்குற சட்டம் இருந்தா இன்னும் வசதி.

ஆனா கொக்கி கூர்மையானது, கிளவ்ஸைக் கிழிச்சிடும், அதனால ஊசியை எண்ற மாதிரியே கொக்கியையும் எண்ணி வாங்கணும். ஒரு நாள் கேஸ் முடிஞ்சு எண்ணும்போது ஒண்ணு குறைஞ்சுது, எல்லாரும் அப்படியே நின்னுட்டோம், கடைசில ஒரு காஸ் துணி மடிப்புக்குள்ள மாட்டிட்டு இருந்துச்சு. இன்னொரு விஷயம், ஒரு தடவைக்கு மட்டும்னு வர்ற ரப்பரை ஸ்டெரிலைஸ் பண்ணி திரும்ப யூஸ் பண்ணாதீங்க. நான் முன்னாடி வேலை பாத்த இடத்துல அப்படி பண்ணுவாங்க, நடு ஆபரேஷன்ல ரப்பர் அறுந்து கொக்கி தெறிச்சுது.

அடுத்து டேபிள்ல கிளாம்ப் போட்டு நிறுத்துற ரிங், புக்வால்ட்டர் டைப். சிஸ்டெக்டமி (மூத்திரப்பையை எடுக்கிற ஆபரேஷன்) மாதிரி வயித்தைத் திறந்து பண்ற பெரிய கேஸுக்கு இது இல்லாம என்னால யோசிக்கவே முடியல. டிரேப்புக்கு (பேஷன்ட் மேல விரிக்கிற ஸ்டெரைல் துணி) மேல கம்பத்தை மாட்டி, அதுல வளையத்தைப் பொருத்தி, வேணுங்கிற பக்கம் வேணுங்கிற பிளேடை (வெட்டுறது இல்ல, திசுவை ஒதுக்கிப் பிடிக்கிற தகடு) ரேட்செட்ல, அதாவது பல் பல்லா நகர்ந்து லாக் ஆகிற பிடில, போட்டுக்கலாம், அசிஸ்டன்ட் ரெண்டு கையும் ஃப்ரீ. பழைய பால்ஃபோர் ரிட்ராக்டர்ல ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் விரியும், இதுல ஒவ்வொரு பிளேடையும் தனித்தனியா அட்ஜஸ்ட் பண்ணலாம், எனக்கு அதுதான் பெரிய முன்னேற்றம்.

இங்கதான் எனக்கு பயமும் இருக்கு. மனுஷன் பிடிச்சா கை வலிச்சு விட்டுடுவான், இரும்பு விடாது. பக்கவாட்டு பிளேடு நீளமா இருந்தா முதுகெலும்புக்குப் பக்கத்துல இருந்து தொடைக்கு இறங்குற சோயஸ் தசையை அழுத்தி அந்தப் பக்கமா போற ஃபெமோரல் நரம்பை (தொடை முன்பக்கத்துக்குப் போற நரம்பு) நசுக்கும், ஒல்லியான பேஷன்ட்டுக்கு ரிஸ்க் இன்னும் ஜாஸ்தி. ஒருத்தரை நான் பாத்திருக்கேன், மறுநாள் கட்டில்ல இருந்து இறங்கி காலை ஊணுறார், முழங்கால் அப்படியே மடங்கிடுச்சு, தொடை முன்பக்கம் மரத்துப் போச்சுன்னு சொன்னார். பல மாசம் பிசியோ பண்ணி சரியாச்சு, ஆனா அன்னைக்கு அவர் மூஞ்சி எனக்கு இன்னும் மறக்கல. அதுக்கப்புறம் பிளேடுக்கு அடில ஈர மாப் (மடிச்ச பெரிய காஸ் துணி) வைக்காம நான் குடுக்கிறதே இல்ல, பிளேடு நுனி சோயஸ் மேல உக்காந்திருக்கான்னு சர்ஜனைக் கை விட்டுப் பாக்க சொல்வேன், நேரம் ஆக ஆக கொஞ்சம் தளர்த்தச் சொல்லி ஞாபகப்படுத்துவேன், சில பேருக்குக் கோவம் வரும், வந்தா வரட்டும்.

லைட் வச்ச பிளேடும் யூஸ் பண்ணேன், பியூபிக் எலும்புக்கு (அடிவயித்துக்குக் கீழ முன்பக்கம் இருக்கிற இடுப்பெலும்பு) பின்னாடி பாக்குறப்ப தலைக்கு மேல இருக்கிற லைட் எட்டாத இடமெல்லாம் பளிச்னு தெரியுது. ஆனா ஃபைபர் கேபிளைக் கழட்டி எரிய விட்டபடியே டிரேப் மேல வைக்கவே கூடாது, நுனி சூட்டுல துணி கருகிடும். ரெண்டு வளையம், நடுவுல மெல்லிசான பிளாஸ்டிக் உறைன்னு வர்ற வூண்ட் ப்ரொடெக்டர் சின்ன கீறலுக்கு நல்லா இருக்கு, சுத்தி ஒரே மாதிரி விரிக்குது, ஆழத்துக்கு மட்டும் போதாது.

புதுசா டேபிள் ரிங் வாங்கப் போறவங்க டெமோவுக்கு வர்றவர்கிட்ட பெரிய பிளேடு எத்தனைன்னு கேக்குறதுக்கு முன்னாடி, குட்டையான பக்கவாட்டு பிளேடு செட்ல இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா தனியா வாங்கிட்டு அப்புறம் முதல் கேஸுக்கு எடுங்க.