கோகோபீட் கட்டி: வாங்காதீங்க மச்சான்

மதுரையிலிருந்து மச்சான் போன் பண்ணினார். "அந்த 5 கிலோ கட்டி விலை இறங்கியிருக்கு மாப்ள, மாடித் தோட்டத்துக்கு நாலு வாங்கிப் போடவா?" வேண்டவே வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். காரணம் சொல்லாமல் வைத்தது தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காரைக்குடியில் எங்கள் கொல்லை மண்ணுக்கு மூன்று வருஷமாகக் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், போடுகிறேன். செட்டிநாட்டு மண்ணைத் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. சரளைச் செம்மண். கொஞ்சம் தோண்டினால் செம்புறாங்கல், கடப்பாரை 'ணங்' என்னும். ஐப்பசி மழை மேலோடு ஓடிவிடும், பங்குனியில் தரை ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். எரு எவ்வளவு கொட்டினாலும் இந்த வெயிலுக்கு அடுத்த வருஷம் இருந்த இடம் தெரியாது. நார்த்தூளில் லிக்னின் என்கிற மரச்சத்து அதிகம், லேசில் மட்காது. முதல் வருஷம் போட்டது இன்னும் மெத்தென்று விரலில் தட்டுப்படுகிறது.

போன அக்னி நட்சத்திரத்தில் மூன்று நாள் திருச்செந்தூர் போய் வந்தோம். வெறும் செம்மண் பாத்தியில் கத்தரி தலை தொங்கிவிட்டது. செம்மண் இரண்டு பங்கு, எரு ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு கலந்த பாத்தியில் ஒரு செடி வாடவில்லை. கிளறிப் பார்த்தால் மூன்று விரல் ஆழத்தில் ஈரம். அன்றைக்கு அந்தக் கட்டிக்கு மாலையே போட்டிருப்பேன்.

அப்புறம் என்ன கேடு என்கிறீர்களா? கழுவணும்.

பையில் 'உப்பு நீக்கியது' என்று அச்சடித்திருந்தது. நம்பி அப்படியே கலந்தேன். வெண்டை நாற்று நுனி கருகி நின்றது. ஊறிய தூளைப் பிழிந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டியையும் ஊறவைத்து, சாக்கில் கட்டி, மூன்று தண்ணீர் மாற்றுகிறேன். அப்போதும் தூளோடு ஒட்டிப்பிடித்த சோடியமும் பொட்டாசியமும் போகாது, அதைக் கழற்ற ஒரு ராத்திரி கால்சியம் நைட்ரேட் கரைசலில் போட வேண்டும். செடிக்கு மண் தயார் பண்ணுகிறோமா, கெமிஸ்ட்ரி லேபில் நிற்கிறோமா என்று வரும். வடிகிற தண்ணீரைச் செடிக்கும் ஊற்ற முடியாது. ஊருணி வெட்டி மழைத் தண்ணீரைத் தேக்கிக் குடித்த ஊரில், ஒரு கட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு குடத்தைச் சாக்கடையில் விடுகிறேன். மனசு ஒப்பவில்லை.

அதைவிடக் கொடுமை கறை. முதல் தடவை, குழாய் இருக்கிறதே என்று முற்றத்தில் வைத்துக் கழுவினேன். டீத்தண்ணி மாதிரி வடிந்தது, படி தாண்டி ஆத்தங்குடித் தரைக்கல்லில் ஏறி, ராத்திரி முழுக்க நின்றுவிட்டது. அந்தக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் சிமெண்டும் சாயமும் ஊற்றி வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. மேலே என்னதான் மினுங்கினாலும் கறையைக் குடித்துவிடும். மூன்று கல்லில் வெள்ளைப் பூ காப்பி நிறம். காலையில் பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, காப்பியக் கொட்டிட்டியளா?" என்றார். அப்பத்தா தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பார்த்தது. "தேங்காயால வந்தது தேங்காயெண்ணெயில போகாதாடா?" போகவில்லை. இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் அந்த மூன்று கல்தான் முதலில் படுகிறது.

ஒன்று சொல்லலாம். மட்க வைத்த நார்க்கழிவு கிடைத்தால் அதை வாங்குங்கள். சிங்கம்புணரிப் பக்கம் கயிறு திரிக்கிற ஊர்களில் இந்தத் தூள் மலையாகக் கிடக்கும். யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு மட்க வைத்தால், 112க்கு 1 என்று இருக்கும் கரிமம் - தழைச்சத்து (நைட்ரஜன்) விகிதம் 24க்கு 1 என்று இறங்கிவிடும். பச்சைத் தூளாகப் போட்டால் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டாம் வருஷம் என் தக்காளி வெளுத்தது அதனால்தான், கடலைப் புண்ணாக்கு கரைத்து ஊற்றித்தான் மீட்டேன்.

ஆகவே மச்சான், வாங்காதீங்க. மாடியில் கழுவினால் கீழ் வீட்டுச் சுவரில் வடியும், சண்டை வரும்.

போனை வைத்ததும் விலையைப் பார்த்தேன். நிஜமாகவே இறங்கித்தான் இருக்கிறது. இரண்டு கட்டி நேற்று வந்துவிட்டது. கழுவுவதற்குக் கிணற்றடிக்கு அந்தப் பக்கம் இடம் ஒதுக்கியிருக்கிறேன். பார்சலைப் பார்த்ததுமே அப்பத்தா எழுந்து போய் முற்றத்துக் குழாயில் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டது.