சி.டி. ஸ்கேனா, எம்.ஆர்.ஐ.யா?

தலையில் அடிபட்டு வந்தவருக்கு முதலில் சி.டி.தான். எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றிவர, சில நொடிகளில் படம் தயார். புதிய ரத்தக்கசிவு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும்.

எம்.ஆர்.ஐ. கதையே வேறு. இதில் எக்ஸ்ரே கிடையாது. நம் உடம்பிலுள்ள தண்ணீரும் கொழுப்பும்தான் மூலதனம். அவற்றிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பல மெஷின்களில் இருப்பது 1.5 டெஸ்லா காந்தம், அதாவது பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு. அது அந்தக் குட்டிக் காந்தங்களில் மிகச் சிறிய பங்கைத் தன் திசைக்கு இழுத்து வைக்கும். ரேடியோ அலையால் தட்டிவிட்டு நிறுத்தினால், பழைய நிலைக்குத் திரும்பும்போது அவை மெல்லிய சிக்னல் தரும். திரும்பும் வேகம் திசுவுக்குத் திசு மாறும். அந்த வித்தியாசம்தான் படமாகிறது. முழங்கால் ஜவ்வு, தண்டுவடம் என்று வந்துவிட்டால் சி.டி. பக்கத்தில் நிற்க முடியாது.

சரி, தொல்லை? இருபது நிமிடத்துக்கு மேல் அசையாமல் குழாய்க்குள் கிடக்க வேண்டும். காதை அடைத்தாலும் ‘டக் டக்’ சத்தம் மண்டைக்குள் இறங்கும். கொலுசு, மெட்டி, பாக்கெட் சில்லறை எல்லாம் வெளியே; ஸ்கேன் ஓடாதபோதும் காந்தம் விழித்தேதான் இருக்கும். பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. நல்லதுதான், ஆனால் அசையாமல் படுக்கவைக்கப் பலருக்கு மயக்க மருந்து தேவைப்படும்.