புராஜெக்ட் சென்டருக்குக் கொடுத்த 13,500 ரூபாய்: இறுதியாண்டு மாணவர்கள் கவனத்துக்கு

இறுதியாண்டு புராஜெக்டுக்காக வெளியே பணம் கட்டப் போகிறவர்கள் இதை முழுதாகப் படித்துவிட்டுக் கட்டுங்கள். எங்களிடம் 13,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, போனில் ஒழுங்காகப் படிக்கக்கூட முடியாத ஒரு வெப்சைட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள். நேற்றுதான் ரிவ்யூ முடிந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என்னென்ன சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் மூன்று பேர், ஈரோடு பக்கம் பி.சி.ஏ. படிக்கிறோம். தோழியின் அப்பா பவானியில் குழித்தறியில் ஜமக்காளம் நெய்கிறவர். புவிசார் குறியீடு வாங்கிய பொருள் அது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டியதைப் பவானி ஜமக்காளம் என்று விற்கிறவர்கள் மத்தியில், கைத்தறிக்காரர் தன் சரக்கைக் காட்டுவதற்கு ஓர் இடம் இல்லை. அவருக்கென்று ஒரு வெப்சைட், போனில் பார்க்கிறவர்களுக்கும் சரியாகத் தெரிகிற மாதிரி ரெஸ்பான்சிவ் வெப்சைட், அதுதான் எங்கள் புராஜெக்ட். வாங்குகிறவர்கள் எல்லாரும் போனில்தானே பார்க்கிறார்கள்!

பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு புராஜெக்ட் சென்டருக்குப் போனோம். ரெடிமேடாக வாங்கப் போகவில்லை. "நீங்களே செய்வீங்க, நாங்க கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுப்போம், வாரம் ரெண்டு கிளாஸ்" என்றுதான் அங்கே பேச்சு. சென்டரை நடத்துகிற அண்ணா முதல் நாளே லேப்டாப்பைத் திருப்பி வைத்து ஒரு பக்கத்தைத் திறந்தார். பிரவுசர் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக உள்ளே இழுத்தார். மூன்று வரிசையாக நின்ற படங்கள் இரண்டாயின, அப்புறம் ஒன்றாயின, மேலே இருந்த மெனு மூன்று கோடாகச் சுருங்கியது. "இதுதாம்மா ரெஸ்பான்சிவ். உங்களுக்கும் இதே மாதிரி வரும். பயப்படாதீங்க, என் தங்கச்சி மாதிரி நீங்க" என்றார். தோழியின் அப்பா எந்த நூலில் நெய்கிறார், எத்தனை நாள் ஆகும் என்றெல்லாம் அக்கறையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பைப் பார்த்துதான் நம்பினோம். 5,000 முன்பணம் கொடுத்தோம்.

கிளாஸ் ஒன்றுகூட நடக்கவில்லை. "அடுத்த வாரம்", "டெவலப்பர் ஊருக்குப் போயிருக்கார்", "சார் மீட்டிங்ல இருக்கார்". மீதி 8,500ஐயும் கட்டினால்தான் சோர்ஸ் கோடு தருவோம் என்றார்கள், அதுவும் ரொக்கமாக. தோழியின் அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கித் தந்தார். 13,500 ரூபாய் முழுதாகப் போய்ச் சேர்ந்த பிறகு, ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு ஜிப் பைல் வந்தது.

திறந்தால், முகப்பில் பூவேலை போட்ட பாரசீகக் கம்பளம்! கோடு கோடாக நெய்த பவானி ஜமக்காளம் எங்கே, இது எங்கே? நாங்கள் அனுப்பிய போட்டோ ஒன்றையும் தொடவே இல்லை. படம் விற்கிற தளத்தின் வாட்டர்மார்க் கூட அப்படியே இருந்தது. பிரவுசர் டேப்பில் ஏதோ ஹோட்டல் பெயர். சோர்ஸ் கோடுக்குள் வேறொரு கல்லூரியின் பெயரும் போன வருஷத்து பேட்ச்சும். அந்தப் பிள்ளைகளிடமும் இதையேதான் விற்றிருக்கிறார்கள்.

ரிவ்யூவில் கைடு மேடம் தன் போனை எடுத்துத் திறந்தார். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படித்தார். "ஏம்மா, வியூபோர்ட் மெட்டா டேக் எங்கே?" என்று கேட்டார். பக்கத்தின் தலைப்பகுதியில் போட வேண்டிய ஒரே ஒரு வரி அது. அது இல்லாவிட்டால் போன் பிரவுசர் தனக்கு 980 பிக்சல் அகலம் இருப்பதாக வைத்துக்கொண்டு பக்கத்தை அடுக்கி, அப்புறம் சுருக்கிக் காட்டும். 600 பிக்சலுக்குக் கீழே வந்தால் இப்படி மாறு என்று எழுதி வைத்த மீடியா குவெரி எதுவும் வேலை செய்யாது. ஆனால் லேப்டாப்பில் ஜன்னலை இழுத்தால் மட்டும் அழகாக மாறும். அந்த அண்ணா எங்களிடம் கடைசிவரை போனில் காட்டாமலே இருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, ஒரு வரிதானே என்று அங்கேயே சேர்த்துப் பார்த்தோம். விலைப்பட்டியல் 1,200 பிக்சல் என்று நிலையாக அடித்து வைத்த டேபிள், திரையைத் தாண்டி ஓடியது. மெனு மவுஸை மேலே வைத்தால்தான் திறக்கும். போனில் மவுஸுக்கு எங்கே போவது? படங்களும் கேமராவில் எடுத்த அளவிலேயே கிடந்தன, ஒவ்வொன்றும் தவழ்ந்து தவழ்ந்து வந்தது. மேடம் சோர்ஸ் கோடிலிருந்து ஒரு வரியை எடுத்து நெட்டில் தேடினார், இலவசமாகக் கிடைக்கும் டெம்ப்ளேட் வந்து நின்றது. உருவாக்கியவரின் பெயரைப் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்தப் பெயரை அழித்துவிட்டுத்தான் எங்களிடம் 13,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

அந்த அண்ணாவுக்குப் போன் செய்தோம். முதலில் "உங்க போன்லதான் பிரச்சினை" என்றார். அப்புறம் "சர்வர் டவுன்". அப்புறம் சொன்னதைக் கேட்டுத்தான் வயிறு எரிகிறது: "மொபைல் வெர்ஷன் தனிம்மா, 3,000 ஆகும்." ஈத்தன் மார்காட் என்ற வெப் டிசைனர் 2010இல் ரெஸ்பான்சிவ் வெப் டிசைன் என்று பெயர் வைத்து எழுதியதே, போனுக்குத் தனி வெர்ஷன் செய்யாமல் ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் பொருந்த வேண்டும் என்றுதான். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "காலேஜ்ல நீங்க வெளியே கொடுத்து செஞ்சீங்கன்னு சொல்லட்டுமா?" என்றார். தங்கச்சி மாதிரி என்றவர்! இப்போது வாட்ஸ்அப்பில் புளூ டிக் விழுகிறது, பதில் இல்லை. டொமைனையும், அதாவது வெப்சைட்டின் முகவரியையும், அவர் பெயரிலேயே பதிந்து வைத்திருக்கிறார். நெசவாளரின் கடைப் பெயர் அவர் கையில்.

மேடம் நல்லவர், மறு ரிவ்யூவுக்குத் தேதி தந்தார். வெப்சைட் எழுதக் கற்றுத்தரும் எம்.டி.என். தளத்தையும் ஃப்ரீகோட்கேம்ப்பின் ரெஸ்பான்சிவ் பாடத்தையும் பார்த்து முதலிலிருந்து நாங்களே எழுதிக்கொண்டிருக்கிறோம். இரண்டுமே இலவசம். கிட்ஹப் பேஜஸில் ஏற்றவும் காசு இல்லை. 13,500 ரூபாய் எதற்குத்தான் வாங்கினார்கள்?

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், நேரம் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: டெமோவை உங்கள் போனில் உங்கள் கையால் திறந்து பாருங்கள், அவர்கள் லேப்டாப்பில் வேண்டாம். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் இருக்கட்டும். ரொக்கம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது, சாட் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். எங்களிடம் இருப்பது முத்திரை இல்லாத ஒரு துண்டுச் சீட்டும் அந்த 3,000 கேட்ட வாய்ஸ் மெசேஜும்தான், அதை வைத்தே புகார் பதிந்திருக்கிறோம்.

இன்று சாயந்திரம் மறுபடி அந்த மாடிக்குப் போகிறோம், டொமைனையாவது மாற்றித் தரச் சொல்லி. தோழியின் அப்பா தறியை நிறுத்திவிட்டு எங்களோடு வருகிறார்.