கொல்லிமலை 70 வளைவு ரோடு: பைக், கார், ஸ்கூட்டர் மூணுலயும் போயிட்டு வந்தவனோட ரிவ்யூ

கொல்லிமலைன்னு சொன்னாலே எல்லாரும் அந்த 70 கொண்டை ஊசி வளைவைத்தான் சொல்லுவாங்க, ஏற்காட்டுக்கு சேலத்துல இருந்து போனா 20, வால்பாறைக்கு 40, அப்போ 70-ன்னா எப்படி இருக்கும்னு நாமளே கற்பனை பண்ணிட்டு கிளம்பிடுவோம். நான் மூணு தடவை மூணு வண்டில போயிட்டேன், என்னைக் கேட்டா ஏறுறதுல பெருசா ஒண்ணும் இல்ல, இந்த ரோடு வேலையைக் காட்டுறது இறங்கும்போதுதான்.

முதல் தடவை 150 சிசி பைக். நாமக்கல்ல இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, அப்புறம் அடிவாரம் காரவள்ளி. பெட்ரோலை சேந்தமங்கலத்துலயே போட்டுக்கோங்க. காரவள்ளி தாண்டினதும் ஆரம்பிக்குது பாருங்க, மூணாவது கியர் போட்டு ஒரு நிமிஷம் நிம்மதியா போவோம்னு நினைச்சா அதுக்குள்ள அடுத்த வளைவு. ஒவ்வொண்ணுலயும் 70-ல இது எத்தனையாவதுன்னு போர்டு வச்சிருக்காங்க, அதைப் பாக்குறதே ஒரு போதைதான். பாதிக்கு மேல போனதும் காத்து மாறிடும், கீழ வெயில்ல காய்ஞ்சிட்டு வந்த உடம்புக்கு யாரோ ஏசி போட்ட மாதிரி இருக்கும். ஓரமா நிறுத்தி எட்டிப் பாத்தா நாம வந்த ரோடு அடுக்கடுக்கா மடிச்சுப் போட்ட வேட்டி மாதிரி கீழ கிடக்கு. வளைவுலயே நிறுத்திடாதீங்க, அகலமா இருக்குற இடமா பாத்து நிறுத்துங்க. கையில தின்பண்டம் இருந்தா குரங்கு கணக்குப் பாக்காம புடுங்கிட்டுப் போயிடும்.

ரெண்டாவது தடவை குடும்பத்தோட கார். ஓட்டுறவனுக்கு ஜாலி, பின் சீட்டுக்கு நரகம். பசங்க ஒண்ணு ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சாங்க, முப்பதுக்கு மேல சத்தமே காணோம், திரும்பிப் பாத்தா ரெண்டு பேரும் கவரைப் புடிச்சிட்டு உக்காந்திருக்காங்க. வயிறு முட்ட சாப்பிட்டுட்டு ஏறாதீங்க, எலுமிச்சம்பழம் ஒண்ணு கையில இருக்கட்டும். அரசு பஸ் டிரைவருங்களுக்கு தனியா ஒரு கும்பிடு, அந்த நீள வண்டியை வச்சுக்கிட்டு எப்படித்தான் திருப்புறாங்களோ. வளைவுல பஸ்ஸுக்கு முழு ரோடும் வேணும், அதனால ஹாரன் கேட்டா முன்னாடியே ஒதுங்கி நின்னுடுங்க. நாம இறங்குறோம், எதிர்ல ஒருத்தர் ஏறுறாருன்னா அவருக்குத்தான் முதல்ல வழி, இது தெரியாமதான் பாதி பேர் வளைவுல மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு சண்டை போடுறாங்க.

மூணாவது தடவை பண்ணினதுதான் தப்பு. ஃப்ரெண்டோட ஸ்கூட்டரை வாங்கிட்டு, பின்னாடி அவனையும் உக்கார வச்சிட்டுப் போனேன். ஏறும்போது முக்கி முனகி ஏறிடுச்சு, சரி. இறங்கும்போது பைக்ல ரெண்டாவது கியர் போட்டா எஞ்சினே வண்டியைப் புடிச்சுக்கும், பிரேக்கை லேசா தொட்டா போதும். ஸ்கூட்டர்ல நாம போடுறதுக்கு கியர் ஏது, வேகம் குறைஞ்சதும் கிளட்ச் விட்டுடும், வண்டி சும்மா உருளும், எல்லா பாரமும் பிரேக் ஷூ மேல. இருபது வளைவு இறங்கினதும் ஒரு கருகுற வாசம், பின் பிரேக்கை எவ்ளோ அமுக்கினாலும் மெத்தையை அமுக்குற மாதிரி இருக்கு. வயித்துல புளியைக் கரைச்சிடுச்சு. ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆற விட்டுட்டு, அப்புறம் பத்து வளைவுக்கு ஒரு தடவை நின்னு நின்னுதான் வந்தோம். சூடா இருக்குன்னு தண்ணி கிண்ணி ஊத்திடாதீங்க, தானா ஆறட்டும். ஆட்டோமேட்டிக் கார் வச்சிருக்கவங்களும் வழக்கமா ஓட்டுற டி (டிரைவ்)-லயே விட்டு பிரேக்கை மிதிச்சுட்டே வராதீங்க, எல் (லோ கியர்) இருந்தா அதுல போடுங்க.

மேல சோளக்காடு சந்தைல அன்னாசி, வாழைப்பழம், மிளகு எல்லாம் அருமை. முடவாட்டுக்கால் சூப் கண்டிப்பா குடிங்க, பேரைக் கேட்டு ஆட்டுக்கால்னு நினைச்சுடாதீங்க, அது ஒரு கிழங்கு, ஆனா மிளகு தூக்கலா போட்டுக் குடுத்தா ஆட்டுக்கால் தோத்துடும். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படி, வண்டி ஓட்டின களைப்போட இறங்கி ஏறினா மறுநாள் கால் நம்மளது இல்ல.

குறைன்னா, லீவு நாள்ல வளைவு வளைவா ரீல்ஸ் எடுக்க நிக்கிற கூட்டம், அதுலயே முந்துற வீராதி வீரனுங்க. மழைன்னா கல்லு உருண்டு வரும். இருட்டுறதுக்குள்ள இறங்கிடுங்க. ரோட்டுக்கு மட்டும்னா அஞ்சுக்கு நாலரை தருவேன், அந்த அரை பின் சீட்டுக்காரங்களுக்காக கழிச்சது.

வளைவு கம்மியா வேணும்னா முள்ளுக்குறிச்சி பக்கமா இன்னொரு வழி இருக்கு. அடுத்த தடவை அந்த வழிலதான் வருவோம்னு வீட்ல சொல்லிட்டாங்க, நீங்க அப்படி வாங்க, நான் பைக்ல காரவள்ளி வழியா வந்து சூப் கடைல நிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.