நடைச் சுவரில் ஐந்தரை மீட்டர்: காலக்கோட்டோடு நாலு வருஷம்

பிள்ளைகள் இருவரையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். 2021-ல் பழங்கால வரலாற்றைத் தொடங்கியபோது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு ஐந்து. அன்றைக்கு நடைச் சுவரில் ஏறிய காலக்கோடு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கிழிந்திருக்கிறது, இரண்டு முறை இடம் மாறியிருக்கிறது, ஆனால் வாரத்தில் நாலு நாளாவது யாராவது ஒருவர் அதன் முன்னால் நிற்கிறோம்.

முதலில் மாட்டியது கடையில் வாங்கிய படத்தாள். அச்சு அருமை. ஆனால் எல்லாக் கட்டமும் ஒரே அகலம். எகிப்துக்கு ஒன்று, அடுத்து கிரேக்கம், அதை ஒட்டி ரோம். ஆயிரம் வருஷத்துக்கும் நூறு வருஷத்துக்கும் அதில் வித்தியாசமே தெரியாது. இரண்டு மாதம் கழித்து மகள் கேட்டாள்: "அம்மா, பிரமிடு கட்டினவங்களை கிளியோபாட்ரா பார்த்திருப்பாங்களா?" அவள் மேல் தப்பில்லை. படத்தில் அவர்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

அன்றே அதைக் கழற்றிவிட்டு, நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத் தாள் சுருள் ஒன்று வாங்கினோம். ஒரு வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர். நூறு வருஷம் பத்து சென்டிமீட்டர், ஆயிரம் வருஷம் ஒரு மீட்டர். கி.மு. 3500-லிருந்து அன்றைய தேதி வரை ஐந்தரை மீட்டர் வந்தது. வாசலில் தொடங்கி அடுக்களைக் கதவு வரை சரியாக இருந்தது. கிசாவின் பெரிய பிரமிடு கி.மு. 2560 வாக்கில், கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30-ல். தையல் டேப்பை மகளிடம் கொடுத்து அளக்கச் சொன்னேன். பிரமிடிலிருந்து கிளியோபாட்ராவுக்கு 253 சென்டிமீட்டர். கிளியோபாட்ராவிலிருந்து நமக்கு 205. டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் திரும்பத் திரும்ப இரண்டு பக்கமும் பார்த்தாள். "அப்ப அவங்க நமக்குத்தான் கிட்ட." நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

நாலு வருஷத்தில் நான் கண்டது இதுதான்: படங்களைவிட அவற்றுக்கு நடுவே கிடக்கிற வெற்றிடம்தான் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்லித்தருகிறது. அளவு சரியாக இருந்தால் கேள்விகள் தானாக வரும். ஆர்க்டிக்கில் ரேங்கல் தீவில் கடைசி மாமத் யானைகள் சுமார் 4,000 வருஷம் முன்பு வரை உயிரோடு இருந்தன. அதற்கான குறிப்பு அட்டையை மகன் தாளில் மாட்டியபோது அது பிரமிடுக்கு வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளிப் போய் நின்றது. அவன் நம்பவில்லை. மூன்று முறை அளந்தான்.

தாளை நீளவாக்கில் நாலு வரிசையாகப் பிரித்திருக்கிறோம்: மெசபடோமியா (இன்றைய ஈராக் பக்கம்), எகிப்து, சிந்துவெளி, தமிழகம். ஹரப்பா, மொகஞ்சதாரோ நகரங்கள் செழித்த கி.மு. 2600 முதல் 1900 வரைக்கு அட்டை கிடையாது, எழுபது சென்டிமீட்டருக்குச் செங்கல் நிறப் பட்டைதான். தமிழக வரிசையின் இடது பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. "நம்ம ஊர்ல அப்ப ஆளே இல்லையா?" என்று மகன் கேட்டான்.

அதற்குப் பதில் சொல்லத் தெருவில் இறங்கினோம். திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷம் பழையவை. நம் அளவில் அது ஒன்றரை கிலோமீட்டர். வீட்டு வாசலிலிருந்து கடற்கரை நோக்கி நடந்தோம். முந்நூறு மீட்டரில் ஒரு பூவரச மரத்தடியில் நிறுத்திச் சொன்னேன்: மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்த, நம் மனித இனத்தின் (ஹோமோ சேப்பியன்ஸ்) மிகப் பழைய எலும்புகளுக்கு இந்தத் தூரம்தான். மிச்சம் ஆயிரத்து இருநூறு மீட்டரையும் நடந்து முடித்தபோது மகளுக்குப் புரிந்துவிட்டது. அதிரம்பாக்கத்தில் அந்தக் கல்லைச் செதுக்கியவர்கள் நம் மனித இனமே இல்லை, வேறொரு பழைய மனித இனம். அன்று முழுக்க அவள் அதிகம் பேசவில்லை. இப்போதும் அந்த மரத்தைக் கடக்கும்போது "நாம இங்கதான் ஆரம்பிச்சோம்" என்பாள்.

நாங்கள் இருப்பது புதுச்சேரி. அதனால் ரோமோடு வணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேடு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போனால் கண்ணுக்குத் தெரிவது குறைவு. இங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கும் பானை ஓடுகளைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. "இந்த வருஷம்னு யாரு சொன்னா?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை. 1945-ல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது இத்தாலியில் செய்த அரெட்டைன் வகைச் சிவப்புத் தட்டுகளின் துண்டுகள் கிடைத்தன. அவை எந்தக் காலத்தவை என்று ரோமானிய வரலாற்றிலிருந்து முன்பே தெரியும். அதே மண்ணடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் அதை வைத்துக் காலம் குறித்தார்கள். மகன் அடுக்களையில் கோலமாவையும் மஞ்சளையும் ஒரு கண்ணாடி டம்ளரில் அடுக்கடுக்காகக் கொட்டி, நடுவே பத்து ரூபாய் நாணயத்தைப் புதைத்து, அதன் பக்கத்தில் ஒரு பொத்தானையும் வைத்து எனக்கே விளக்கினான்.

இனி, தவறாகப் போனவை. முதல் வருஷம் அட்டைகளைப் பசை போட்டு ஒட்டினோம். செய்யவே கூடாது. தேதிகள் மாறும்! தமிழகத்தில் இரும்பு தொடங்கியதற்கான அட்டையைக் கி.மு. 1200-ல் ஒட்டியிருந்தோம். 2022-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்று தமிழக அரசு அறிவித்தது. அட்டையைப் பிய்த்ததில் தாளும் கிழிந்து வந்தது. 97 சென்டிமீட்டர் இடப்பக்கம் நகர்த்தினோம். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளை இரும்புக்குக் கி.மு. 3345 என்று வந்தபோது இன்னும் 117 சென்டிமீட்டர். இப்போது அது மெசபடோமியாவின் முதல் எழுத்துக்கும் இடப்பக்கம், தாளின் ஓரத்தில் நிற்கிறது. எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை என்பதால் மகள் அதன்மேல் ஒரு கேள்விக்குறியைச் சொருகி வைத்திருக்கிறாள். சிவகளை நெல் உமி, கி.மு. 1155, கீழடி, கி.மு. 580. இவையெல்லாம் இப்போது துணி கிளிப்பில்தான் தொங்குகின்றன. மேலே ஒரு மெல்லிய மரச்சட்டம் அடித்து, தாளையும் அதிலேயே மாட்டிவிட்டோம். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் ஏறி ஒட்டு டேப் எல்லாம் கழன்று விழுந்த தொல்லையும் அதோடு போயிற்று.

இன்னொன்று, கி.மு. எண்கள். எண் பெருகினால் காலம் பின்னால் போகிறது என்பது ஐந்து வயதுக்கு ஏறவே இல்லை. மகன் ஒரு வருஷம் அசோகரைப் புத்தருக்கு முன்னால் வைத்துக்கொண்டே இருந்தான். கோட்டுக்குக் கீழே "இத்தனை வருஷம் முன்பு" என்று இன்னொரு எண்வரிசை எழுதிய பிறகுதான் சரியானது. பூஜ்ஜியம் வருஷம் என்று ஒன்று இல்லை, கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1 என்பதை ஏழு வயதுக்கு மேல் சொன்னால் போதும்.

ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் இந்த அளவில் தொடங்காதீர்கள். ஒரு வருஷத்துக்கு ஒரு சாண் என்று குடும்பக் கதையை முதலில் தரையில் போடுங்கள்: அவர்கள் பிறந்தது, அம்மா அப்பா கல்யாணம், தாத்தா பிறந்தது. அதில் ஆறு மாதம் விளையாடட்டும். தாள், கிளிப், சட்டம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

போன வாரம் துருக்கியில் பழங்காலக் கற்தூண் கட்டடங்கள் இருக்கும் கோபெக்லி தெபே பற்றிப் படித்தோம். கி.மு. 9500 வாக்கு. தாள் அதற்குப் போதாது, இன்னும் ஆறு மீட்டர் வேண்டும். இருவரும் கோலமாவை எடுத்துக்கொண்டு வாசற்படியிலிருந்து தெருவில் கோடு இழுத்தார்கள். எதிர்வீட்டு ஆயா வந்து நின்று, "எதுவரைக்கும் போறீங்க?" என்றார். "இன்னும் ரெண்டு மீட்டர் ஆயா, கொஞ்சம் நகர்ந்துக்குங்க."